தலிஹ் விறகு

அத்பராவுக்குச் சரக்கு ரயில் வருவதை
ஊர் காதால் அறியும்.
இத்ரீஸ் வருவதை
எங்கள் சந்து மூக்கால் அறியும்.

முற்றத்துக் குழியில் தலிஹ் விறகைக் கனலவிட்டு
மேலே பாயின் நடுத்துளையில் உட்கார்ந்து
ஆட்டுமயிர்க் கம்பளியைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டால்
சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜர் இருமுவாள்,
வேண்டுமென்றே.
"போர்ட் சூடான் வண்டி வந்தாச்சா?"
நான் வாய் திறக்க வேண்டியதில்லை.
புகைக்கு ரகசியம் தங்காது.

மணமானவளுக்குத்தான் இந்த மணம்.
கன்னிப்பெண் குழிப்பக்கம் எட்டிப்பார்த்தால்
கரண்டியோடு விரட்டுவார்கள்.
புருஷன் ஊரில் இல்லாதபோது புகை எழுந்தால்
கூடவே வேறு பேச்சும் எழும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், முதல் இரவில்,
அவன் அழகாக எதுவும் சொல்லவில்லை.
கும்ரா தடவிய என் காதுமடலுக்குப் பின்னால்
மூக்கை வைத்தவன்
சிக்னல் விழாத வண்டி மாதிரி
அப்படியே நின்றுவிட்டான்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
எனக்குக் கழுத்து வலித்தது.
நகரவில்லை நான்.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல்.
பதினோரு நாள். பிழைத்தான்.
அல்ஹம்துலில்லாஹ் என்று ஆடு அறுத்தோம்.
கறி நன்றாக இருக்கிறதா என்றேன்.
இருக்கிறது என்றான்.
அதில் உப்பு மட்டும்தான் தெரிந்தது அவனுக்கு என்பது
எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வியாழக்கிழமை விறகெல்லாம் நனைந்துபோனது.
குழியில் தண்ணீர்.
கும்ரா சீசாவும் காலி.
துணி சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு நின்றேன்.
எண்ணெய்க் கறைச் சட்டையோடு உள்ளே வந்தவன்
வழக்கமான இடத்தில் மூக்கை வைத்து
"இன்னைக்குக் கும்ரா தூக்கலா இருக்கு" என்றான்.

நான் சிரித்தேன். பிறகு
சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை, பாலைத் தீயவிட்டேன்.
வீடெல்லாம் நாற்றம்.
அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கிரிக்கெட் இல்லாத ஊரின் கால்பந்துச் செய்தியை
நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

கோபம்தான் முதலில் வந்தது.
மூன்று மாதம். எத்தனை கட்டு விறகு.
எத்தனை மாலை, வேர்வை ஆறாக ஓட
யாருக்காக வெந்தேன்?
ஹாஜருக்காகவா?
மூக்கு போனால் நானும் போய்விடுவேன் என்றா
ஒளித்தான் இந்தத் தடியன்?
ஒவ்வொரு தடவையும் கழுத்தடியில் தயங்கினானே,
கரண்ட் போன அறையில்
சுவிட்சைத் தேடும் கை மாதிரி
தடவித் தடவி.
நான் அதை ஆசை என்று நினைத்தேன்.

ஆசை இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நடை அவன் வந்தபோது
பிடிவாதமாக இரண்டு பங்கு விறகு போட்டேன்.
தோல் வெல்லப்பாகு நிறத்துக்கு வரும்வரை
எழுந்திருக்கவில்லை.
ஹாஜர் இருமினாள். இந்த முறை நிஜமாகவே.

இரவு, முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில்,
"துணி சோப்பு வாசனை
எப்படி இருந்தது?" என்றேன்.

வெகுதூரத்தில் ஷண்டிங் வண்டி
பெட்டியோடு பெட்டியை முட்டியது.
அவன் மூச்சு மட்டும் கேட்டது.
பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.
குனிந்து, என் தோள்பட்டையை
நாக்கு நுனியால் தொட்டான்,
புது மருந்தைச் சோதிக்கும் பிள்ளைபோல.

"கசக்குது" என்றான்.

கொஞ்சம் கழித்து,
தொலைந்த சாவி சட்டைப்பையிலேயே இருந்ததைக் கண்டவன் குரலில்,
"கசக்குது, ஸுஆத். உப்பும் இருக்கு."

புகை கசக்கும் என்று
ஏழு வருஷத்தில் எங்கள் இருவருக்குமே தெரியாது.

இந்தப் பக்கம் பார் என்று
மறு தோளைத் திருப்பினேன்.